பறவையியல் மேதை சாலிம் அலி

தமிழர் பறவைகளை அறியாதவர் அல்லர். அன்றிலின் பிரிவாற்றாமையையும், தூக்கணங்குரீஇ முடையும் கூட்டின் நுட்பத்தையும், நெய்தல் நிலத்து நாரையின் தனிமையையும் சங்கச் சான்றோர் கூர்ந்து நோக்கிப் பாடினர். தம் வறுமை நிலையை இல்லாளுக்கு உரைக்குமாறு நாரையைத் தூதுவிட்ட சத்திமுத்தப் புலவர், அப்பறவை பருவந்தோறும் தெற்கும் வடக்குமாகச் சென்று மீள்வதையும் அறிந்திருந்தார். சுலைமான் நபி அவர்களிடம் ஸபா நாட்டுச் செய்தியைக் கொணர்ந்த ஹுத்ஹுத் என்னும் கொண்டலாத்தியைத் திருக்குர்ஆன் குறிப்பிடுகின்றது. பறவையினத்தைத் தனித்ததொரு சமுதாயமாக நோக்கும் நோக்கும் திருமறைக்கு உண்டு.

ஆயினும் அந்நாரை எந்நாட்டிலிருந்து வருகின்றது? எத்தனை காதம் பறக்கின்றது? எவ்வேரியில் தங்கி, எதை உண்டு, என்று திரும்புகின்றது? கவிஞர் கண்ட காட்சியின் அடுத்த படியில் நின்று இவ்வினாக்களை எழுப்பி, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் விடை தேடி நடந்த இந்தியர் ஒருவர் உண்டு. அவரே பறவையியல் மேதை சாலிம் அலி ஆவார். அவர்தம் வாழ்வையும், அவ்வாழ்வில் நம் மாணவர்க்குப் பாடமாக அமையும் சில செய்திகளையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் வளர்ப்பும்

சாலிம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள் பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தார். ஓராண்டு நிறையும் வேளையில் தந்தை மொய்சுத்தீனையும், மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமீருத்தீன் தையாப்ஜியும், மக்கட்பேறு வாய்க்காத அவர் துணைவியார் ஹமீதா பேகமும் அக்குழந்தைகளைத் தம் மக்களாகவே வளர்த்தனர். 1887ஆம் ஆண்டு சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய பத்ருத்தீன் தையாப்ஜி தோன்றிய குடும்பம் அது. கல்வியும் நாட்டுப்பற்றும் நிறைந்த அவ்வில்லத்தில் பெற்றோரை இழந்த சிறுவன் குறையின்றி வளர்ந்தான்.

அக்காலத்து வசதி படைத்த குடும்பங்களில் வேட்டை ஒரு பொழுதுபோக்கு. சாலிமுக்கும் சிறு வயதிலேயே காற்றுத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. வீட்டுக் கொட்டிலின் பொந்தொன்றில் முட்டையிட்டிருந்த சிட்டுக்குருவியின் ஆணை அவர் சுட்டார். சிறிது நேரத்தில் பெட்டை வேறோர் ஆணைச் சேர்த்துக்கொண்டது. அதனையும் சுட்டார். இவ்வாறு ஏழு நாள்களில் எட்டு ஆண்குருவிகள் வீழ்ந்தன. ஒவ்வொரு முறையும் மற்றோர் ஆண் வந்து சேர்ந்தது. பத்து வயதுச் சிறுவன் அதனைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தான். பல பத்தாண்டுகள் கழிந்து அக்குறிப்பு அச்சேறியது. கொலை விளையாட்டு என்றே நாம் வருந்தக்கூடிய செயல்தான். எனினும் கண்டதைக் கண்டவாறே எழுதிவைக்கும் பழக்கம் அன்றே அரும்பிவிட்டது என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

வழியை மாற்றிய சிட்டு

1908ஆம் ஆண்டில் அவர் சுட்டு வீழ்த்திய குருவி ஒன்றின் கழுத்தில் மஞ்சள் திட்டு ஒன்று காணப்பட்டது. வழக்கமான சிட்டுக்குருவிக்கு அத்தகைய அடையாளம் இல்லை. மாமனாலும் அஃது இன்னதென்று சொல்ல இயலவில்லை. எனவே பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லார்டு என்னும் ஆங்கிலேயரிடம் சிறுவனை அனுப்பி வைத்தார். 1883இல் தோன்றிய அச்சங்கத்தில் அன்று வெள்ளையரே மிகுதி. தயங்கித் தயங்கி உள்ளே சென்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனை மில்லார்டு கனிவுடன் வரவேற்றார். அது மஞ்சட்கழுத்துச் சிட்டு எனக் கூறியதோடு அமையாமல், பெட்டி பெட்டியாகப் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் திறந்து காட்டினார். படிக்க நூல்கள் தந்தார். பறவையுடலைப் பாடம் செய்யும் முறையையும் கற்கச் செய்தார்.

ஒரு பெரியவர் ஒரு சிறுவனுக்காக ஒதுக்கிய சில மணிப்பொழுது ஒரு நாட்டின் பறவையியல் வரலாற்றையே மாற்றியது. 1985இல் வெளிவந்த தம் தன்வரலாற்று நூலுக்குச் சாலிம் அலி சூட்டிய பெயரிலும் அச்சிட்டின் வீழ்ச்சியே இடம்பெற்றது. ஆசிரியப் பணியில் இருப்போர் இந்நிகழ்ச்சியை மறத்தலாகாது.

பட்டம் இல்லாத அறிஞர்

சாலிம் அலியின் கல்விப் பயணம் நேர்கோட்டில் அமையவில்லை. நாட்பட்ட தலைவலி பள்ளிப் படிப்பை இடையிடையே தடுத்தது. 1913இல் மெட்ரிகுலேஷன் தேறிய அவர், கல்லூரிப் படிப்பில் மனம் பற்றாமல், பர்மாவின் தவாய் பகுதியில் குடும்பத்தார் நடத்திய உல்பிரம் சுரங்கத்தையும் மரத் தொழிலையும் கவனிக்கச் சென்றார். தொழிலைவிடச் சுற்றியிருந்த காடே அவரை ஈர்த்தது. 1917இல் பம்பாய் திரும்பி வணிகச் சட்டமும் கணக்கியலும் பயின்றார். அவர்தம் உண்மையான நாட்டத்தை உணர்ந்த தூய சவேரியார் கல்லூரிப் பாதிரியார் பிளாட்டர், விலங்கியலும் பயிலுமாறு தூண்டினார். 1918இல் தெஹ்மினா அம்மையாரை மணந்தார்.

முறையான பல்கலைக்கழகப் பட்டம் இன்மையால் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் அவருக்கு இடம் கிட்டவில்லை. 1926இல் பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருள்களை விளக்கும் விரிவுரையாளர் பணி வாய்த்தது. திங்கள் ஊதியம் 350 ரூபாய். பறவையியலை முறையாகக் கற்க வேண்டும் என்னும் வேட்கையால் 1928இல் விடுப்புப் பெற்றுச் செருமனி சென்றார். பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெசமான் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். ஹெலிகோலாந்து தீவில் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் போக்கை அறியும் கலையையும் கண்டறிந்தார்.

1930இல் தாயகம் திரும்பியபோது வரவேற்றது நல்ல செய்தி அன்று. நிதி இன்மையால் அவர் வகித்த பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. செருமனி சென்று கற்ற கல்வி கையில் இருந்தது. பிழைப்புக்கு வழி இல்லை. அன்று அவர் மனம் தளர்ந்து ஏதேனும் ஓர் அலுவலக மேசைக்குச் சென்றிருப்பின் இக்கட்டுரைக்கே தேவை எழுந்திராது.

தூக்கணாங்குருவி தந்த விடை

வேலையிழந்த கணவரும் மனைவியும் பம்பாய்க்கு எதிரே கடலோரத்தில் இருந்த கிஹிம் என்னும் சிற்றூருக்குச் சென்றனர். வீட்டின் அருகிருந்த மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. சாலிம் அலி மறைவிடம் அமைத்து, மழைக்காலம் முழுவதும் நாள்தோறும் அவற்றைக் கண்காணித்தார்.

அவர் கண்ட உண்மை வியப்புக்குரியது. ஆண்குருவியே கூடு முடைகின்றது. கூடு பாதியளவு வளர்ந்த நிலையில் பெட்டை வந்து பார்வையிடுகின்றது. மனத்துக்குப் பிடித்தால் குடியேறுகின்றது. இல்லையேல் விலகிச் செல்கின்றது. ஏற்கப்பட்ட கூட்டை மட்டுமே ஆண் நீண்ட குழல்வாயிலுடன் கட்டி முடிக்கின்றது. பெட்டை முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் மற்றொரு கூட்டைத் தொடங்கி அடுத்த பெட்டையை எதிர்நோக்குகின்றது. நம் முன்னோர் கண்டு மகிழ்ந்த அக்கூட்டின் பின்னே இத்தகைய குடும்ப ஒழுங்கு உண்டென்பதை உலகறியச் செய்தவர் அவரே. வேலையின்மை தந்த ஓய்வே அவருக்கு உலகப் புகழின் வாயிலாயிற்று.

நாடெங்கும் நடந்த கால்கள்

அக்காலத்துச் சுதேச சமஸ்தானங்கள் பலவற்றின் பறவைகள் முறையாக ஆராயப்படவில்லை. பயணத்திற்கும் தங்குவதற்குமான செலவைச் சமஸ்தானம் ஏற்குமாயின் தாம் ஊதியமின்றிப் பணியாற்றுவதாகச் சாலிம் அலி முன்வந்தார். 1931இல் ஐதராபாத்தில் தொடங்கிய அப்பணி திருவிதாங்கூர், கொச்சி, போபால், இந்தூர், குவாலியர் எனத் தொடர்ந்தது. மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் காடு மேடுகளைக் கடந்தார். கூடாரத்தில் தங்கி இரவில் விளக்கொளியில் குறிப்புகளை எழுதினார்.

இங்கிலாந்தில் கல்வி பயின்ற தெஹ்மினா அம்மையார், நகர வாழ்வின் வசதிகளைத் துறந்து அக்கூடாரங்களில் உடனிருந்தார். பயண ஏற்பாடுகளைக் கவனித்ததோடு கணவரின் ஆங்கில நடையைச் செம்மைப்படுத்தவும் உதவினார். 1939இல் ஒரு சிறு அறுவை மருத்துவத்தைத் தொடர்ந்து அவர் மறைந்தார். சாலிம் அலி அத்துயரில் நிலைகுலைந்தார். பின்னர்த் தமக்கையார் இல்லத்தில் தங்கித் தம் பணியிலேயே ஆறுதல் கண்டார், மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1941இல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் பற்றிய நூல், பறவையியலை வல்லுநரின் மேசையிலிருந்து எளிய மக்களின் கைக்குக் கொணர்ந்தது. டேராடூன் சிறையிலிருந்த நேரு, நைனி சிறையிலிருந்த தம் மகள் இந்திராவுக்கு அந்நூலை அன்பளிப்பாக அனுப்பினார் என்பர். அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் இணைந்து அவர் எழுதிய பறவையியல் கையேடு 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது.

பரத்பூரின் கோடைப் பிற்பகல்

இராசத்தானத்தின் பரத்பூரில் கேவலாதேவ் என்னும் நீர்நிலை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட அஜான் அணையிலிருந்து மழைக்காலத்து நீர் அங்கே வந்து பரவுகின்றது. ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அவ்விடத்தில் பல ஆண்டுகள் முகாமிட்டுச் சாலிம் அலி ஆராய்ந்தார்.

குளிர்காலத்தில் அங்கே வாத்துகள் மொய்க்கும் காட்சியைப் பலரும் புகழ்வர். கோடைப் பிற்பகலில் ஒரு நீர்நிலையைக் கண்டவர் சிலரே. வெப்பக் காற்று வீசும். பரந்த ஏரி சுருங்கிச் சிறு சிறு குட்டைகளாகும். சேறு வெடிக்கும். எஞ்சிய குட்டையில் மீன்கள் நெருங்கித் தவிக்கும். அந்நெருக்கடியே நீர்ப்பறவைக்கு விருந்து. கூழைக்கடாக்கள் கூட்டமாக இறங்கும். நாரைகள் அசையாமல் நிற்கும். நீர்க்காகம் சிறகு விரித்து உலர்த்தும். கருவேல மர நிழலில் சாரஸ் கொக்கிணை ஒதுங்கும். மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவனுக்கு அஃது அழியும் ஏரி. பொறுமையுடன் அமர்ந்து நோக்குபவனுக்கோ, நீர் வற்றுவதும் நிறைவதும் ஆகிய இரண்டும் சேர்ந்தே அந்நிலத்தின் உயிர் என்பது புலனாகும். சாலிம் அலியின் கல்வி நூலகத்தில் மட்டும் பெற்ற கல்வி அன்று. இத்தகைய பொழுதுகளில் வெயிலில் அமர்ந்து பெற்ற கல்வியுமாகும்.

அந்நீர்நிலையின் வரலாறு குருதி தோய்ந்தது. பரத்பூர் மன்னர்கள் அதனை வாத்து வேட்டைக்களமாக வைத்திருந்தனர். 1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் வைசிராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில், ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்த்தப்பட்டன. அது சாலிம் அலியின் நாற்பத்திரண்டாம் பிறந்த நாளாகவும் அமைந்தது. விடுதலைக்குப் பின் வேறொரு நெருக்கடி வந்தது. ஏரியை வற்றச் செய்து விளைநிலமாக்க வேண்டும் எனச் சுற்றுப்புறத்தார் கோரினர். சாலிம் அலி பிரதமர் நேருவிடம் முறையிட்டு அந்நீர்நிலையைக் காத்தார். நாளடைவில் வேட்டை ஒழிந்தது. 1980களின் தொடக்கத்தில் அது தேசியப் பூங்காவாயிற்று. 1985இல் யுனெசுகோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகவும் இடம்பெற்றது.

வளையம் பூண்ட வாத்துகள்

1957இல் மைசூர் மாநிலத்தில் கியாசனூர்க் காட்டுக் காய்ச்சல் தோன்றியது. அந்நோயைப் பரப்பும் உண்ணிகளை வலசைப் பறவைகள் தொலைநாட்டிலிருந்து கொணர்கின்றனவோ என்னும் ஐயம் எழுந்தது. அதனை ஆராய உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையுடன் வளையமிடும் பணி விரிவு பெற்றது. பறவையைக் காயமின்றிப் பிடித்து, எண் பொறித்த வளையத்தைக் காலில் பூட்டிப் பறக்கவிடுவது அம்முறை. வளையத்தோடு எங்கேனும் அப்பறவை கிடைத்தால் அதன் வழி புலப்படும்.

காயமின்றிப் பிடிப்பவர் யார்? பீகாரைச் சேர்ந்த மீர்ஷிகார் என்னும் முஸ்லிம் பறவை பிடிப்போரைச் சங்கம் பணியில் அமர்த்தியது. தலைமுறை தலைமுறையாகப் பிழைப்புக்காகக் கண்ணி வைத்தவரின் கைத்திறனே அறிவியலுக்குப் பயன்பட்டது. பள்ளி செல்லாத அவர்களின் அறிவை மதித்து, அதன்முன் மாணவராக நிற்கும் பண்பு அவரிடம் இருந்தது. பரத்பூரில் வளையம் பூண்ட வாத்துகள் அன்றைய சோவியத் நாட்டின் தொலைப் பகுதிகளில் கிடைத்தன. சத்திமுத்தப் புலவர் அறிந்த வடதிசைப் பயணத்தின் எல்லை சைபீரியா வரை நீள்வது இவ்வாறு உறுதியாயிற்று.

மேதையும் பிழைபடுதல்

பெரியோர் வாழ்வை எழுதுவோர் புகழ்ச்சியோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். உண்மைக்குக் கடமைப்பட்டவர் அவ்வாறு நிறுத்துதல் முறையன்று.

பரத்பூரைச் சுற்றியுள்ள சிற்றூர் மக்கள் நெடுங்காலமாகத் தம் எருமைகளை அங்கே மேய்த்து வந்தனர். மேய்ச்சல் நீர்நிலைக்குக் கேடு என்று வல்லுநர் பலரும் கருதினர். சாலிம் அலியும் அக்கருத்தினரே. 1982இல் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. வாழ்வாதாரம் இழந்த மக்கள் எதிர்த்தனர். காவல்துறை துப்பாக்கியால் சுட்டதில் உயிர்கள் பலியாயின. பறவையைக் காக்க எழுந்த ஒரு முடிவு மனித உயிரில் முடிந்தது.

இயற்கை வரலாற்றுச் சங்கமே 1980 முதல் 1990 வரை பத்தாண்டுகள் அந்நீர்நிலையை ஆராய்ந்தது. முடிவு எதிர்பாராததாயிற்று. எருமைகள் விலகியபின் ஒருவகை நீர்ப்புல் தடையின்றிப் படர்ந்து, திறந்த நீர்ப்பரப்பை மூடியது. மீன்களும் நீர்ப்பறவைகளும் குறைந்தன. பகையெனக் கருதிய எருமையே ஏரியைத் திறந்து வைத்திருந்த துணை என்பது வெளிப்பட்டது. அம்முடிவு முழுமையாக வெளிவந்தபோது சாலிம் அலி உயிருடன் இல்லை. எனினும், தம் தலைவரின் கருத்துக்கு மாறான உண்மையை மறைக்காமல் வெளியிடும் துணிவு அச்சங்கத்திற்கு இருந்தது. கண்டதைக் கண்டவாறே எழுதுக என்பதே அச்சிறுவனின் குறிப்பேடு முதல் அவர் பேணிய நெறி. அந்நெறி அவரையே திருத்தியது எனில், அதுவே அவர் நெறிக்குக் கிடைத்த வெற்றி எனலாம். மக்களை விலக்கிவிட்டு இயற்கையைக் காத்தல் அரிது என்னும் பாடத்தையும் பரத்பூர் விலை கொடுத்தே கற்பித்தது.

1960களில் இருநூறு அளவில் அங்கே வந்த சைபீரியக் கொக்குகள் படிப்படியாகக் குறைந்து, 2002இல் கடைசியாகக் காணப்பட்டன. அவற்றின் வழித்தடம் பல நாடுகளைக் கடந்தது. ஓர் ஏரியை மட்டும் காத்தல் போதாது என்பதற்கு அவ்வெறுமையே சான்று.

தமிழகத்துத் தொடர்பு

சாலிம் அலிக்கும் தமிழகத்திற்கும் உள்ள தொடர்பு உண்மையானது. 1967இல் சரணாலயமான கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பல ஆண்டுகள் வளையமிடும் பணியை நடத்தியது. பூநாரைகளும் உள்ளான்களும் குளிர்காலத்தில் திரளும் அக்கடற்கழி 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மேகமலைப் பகுதியில் 1948இல் கிடைத்த பழந்தின்னி வௌவால் ஒன்று முதலில் தவறாக இனங்காணப்பட்டு, 1972இல் புதிய இனமென உறுதி பெற்றபோது, அதற்குச் சாலிம் அலியின் பெயரே சூட்டப்பட்டது. 1990இல் கோவைக்கு அண்மையில் தோன்றிய பறவையியல், இயற்கை வரலாற்று ஆய்வு மையமும் அவர் பெயர் தாங்கியது.

நிறைவாக

1958இல் பத்ம பூஷண், 1976இல் பத்ம விபூஷண், 1985இல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி எனச் சிறப்புகள் அவரை நாடி வந்தன. பட்டம் இன்மையால் ஒரு காலத்தில் பணி மறுக்கப்பட்டவருக்கு 1958இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. பரிசாக வந்த பெருந்தொகையை இயற்கைப் பாதுகாப்பு நிதியாக்கினார். 1950இல் சுவீடன் நாட்டில் நடந்த பறவையியல் மாநாட்டிற்குத் தம் மோட்டார் சைக்கிளையும் கொண்டுசென்ற அவர்தம் இளமை முதுமையிலும் குன்றவில்லை. 1987இல் தொண்ணூறு வயதில் பம்பாயில் மறைந்தார்.

மதிப்பெண் குறைந்ததாலோ, விரும்பிய பணி கிட்டாததாலோ வாழ்வே முடிந்ததெனக் கருதும் மாணவர் இன்றும் நம்மிடையே உளர். அவர்கள் 1930ஆம் ஆண்டின் கிஹிம் கடற்கரையை நினைத்துப் பார்க்க வேண்டும். வேலை போன ஒருவர் ஒரு மரத்தின் முன் அமர்ந்தார், அம்மரம் ஏற்கெனவே அங்கே இருந்தது, குருவிகளும் இருந்தன. பார்ப்பவர் மட்டுமே இல்லாதிருந்தார். நம் ஊர்களில் தூர்ந்து வரும் ஏரிகளின் கரையிலும் அத்தகைய மரங்கள் இன்னும் எஞ்சியுள்ளன. வரும் கோடை விடுமுறையில் ஒரு பிற்பகலேனும் அங்கே சென்று அமைதியாக அமர்ந்து, கண்டதைக் கண்டவாறே எழுதி வருவோமாக. ஏரியில் நீர் வற்றியிருந்தாலும் எழுதுவதற்குப் பொருள் இராமற் போகாது.